“குடும்பக் கதை ஏதாவது இருக்கா சார்?” – நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு தமிழ்நாடு முழுக்க கவுண்டர்ல உக்காந்திருக்குற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். நான் எழுத்தாளர் கிடையாது, ஆராய்ச்சி பண்றவளும் கிடையாது, டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல தையல் மிஷின் வச்சு பொழைக்கிறவ. இதைப் பத்திப் பேச எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, எங்கிட்ட ஒரு கட்டைப்பை இருக்கு, அதுக்குள்ள அஞ்சு நூலக கார்டு இருக்கு.

ஒண்ணு என்னுது. இன்னொண்ணு எங்க அத்தையோடது, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, முட்டி வலியால படி ஏற முடியாது. மூணாவது எதிர்வீட்டு அக்கா. நாலாவது பின்தெருல இருக்குற ரிட்டயர்டு டீச்சரம்மா, கண்புரை ஆபரேஷன் பண்ணினவங்க. அஞ்சாவது ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன், அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நான் அந்தப் பையைத் தூக்கிட்டு வருவேன், அஞ்சு பேருக்கும் புக்கு எடுத்துட்டுப் போவேன், எல்லாருக்கும் வேணுங்குறது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: நல்ல குடும்பக் கதை, கொஞ்சம் காதல் இருக்கலாம், படிச்சு முடிச்சா மனசு லேசாகணும்.

இதைக் கேட்டா நூலகத்துல என்ன நடக்குதுன்னு சொல்லத்தான் இந்த லெட்டர்.

முதல்ல ஒரு காமெடி. சில வருஷம் முன்னாடி எங்க அத்தைக்காகக் கேட்டேன், “அம்மா, புள்ளை, வீடுவாசல்னு ஒரு நல்ல குடும்பக் கதை குடுங்க”ன்னு. கவுண்டர்ல இருந்தவர் ரேக்கைப் பாத்தார், டக்குன்னு ஒண்ணை உருவிக் குடுத்தார். ‘அம்மா வந்தாள்’. நானும் அப்ப அதைப் படிச்சதில்ல, தலைப்புலயே அம்மா இருக்கு, வேற என்ன வேணும்னு வாங்கிட்டு வந்துட்டேன். தி. ஜானகிராமன் 1966ல எழுதினது, தமிழோட பெரிய நாவல்கள்ல ஒண்ணு, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, இப்ப நானே ரெண்டு தடவை படிச்சாச்சு. ஆனா அந்த அம்மா எப்பேர்ப்பட்ட அம்மான்னு படிச்சவங்களுக்குத் தெரியும், புருஷன் இருக்கும்போதே இன்னொருத்தரோட உறவு வச்சிருக்குறவங்க. எங்க அத்தை ரெண்டே நாள்ல முடிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. “எழுத்து தேனா இருக்குடி. ஆனா நான் கேட்டது இந்த அம்மாவை இல்ல”ன்னாங்க. அதோட விட்டுட்டாங்க, பெரிய மனசு.

அடுத்தது காமெடி இல்ல. எதிர்வீட்டு அக்காவுக்கு வீட்டுக்காரர் தவறி நாலஞ்சு மாசம் ஆகியிருந்த நேரம். ராத்திரி தூக்கம் வரலைன்னு சொல்லுவாங்க, டிவி சீரியல் போட்டா அதுலயும் ஒரே சாவும் சாபமும்தான், “நல்லதா ஒரு கதை எடுத்துட்டு வா”ன்னு கார்டைக் குடுத்தாங்க. நான் போய் “மென்மையான காதல் கதை, கண்ணியமா இருக்கணும்”னு கேட்டேன். குடுத்தது ‘குறிஞ்சி மலர்’. தப்பே சொல்ல முடியாது, நா. பார்த்தசாரதி மணிவண்ணன்ங்குற பேர்ல கல்கியில தொடரா எழுதினது, அது வந்த காலத்துல எத்தனையோ பேர் பொறந்த புள்ளைக்கு அந்தக் கதையில வர்ற ஜோடி பேரையே, அரவிந்தன்னும் பூரணின்னும் வச்சாங்க, கண்ணியத்துக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனா அரவிந்தன் செத்துப் போயிடுவானே சார். அந்த அக்கா அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வெளியில வரல. புக்கைத் திருப்பித் தரும்போது ஒண்ணுமே சொல்லல, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. குடுத்தவர் மேல பாதி தப்புன்னா என் மேலயும் பாதி இருக்கு, நானும் யாருக்காக எடுக்குறேன்னு சொல்லல, அவரும் கேக்கல.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சதுதான் இந்த லெட்டரோட விஷயமே. வாசகர்கிட்ட “என்ன வேணும்”னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது, “நல்லதா ஏதாவது”ன்னுதான் வரும். “என்ன வேணாம்”னு கேட்டுப் பாருங்க, மடை திறந்த மாதிரி கொட்டுவாங்க.

நான் கேட்டுப் பாத்தேன். டீச்சரம்மா சொன்னாங்க, “கொழந்தை சாகக் கூடாது, அது ஒண்ணு போதும், மத்தது எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்.” எங்க அத்தை, “மாமியார் கொடுமைக் கதை வேணாம், எழுதுறவங்களுக்கு எல்லாம் மாமியார்னா இளக்காரம்.” (இதை என் முகத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.) எதிர்வீட்டு அக்கா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, “ஆஸ்பத்திரி வேணாம்டா, ஐசியூ வேணாம், அந்த மெஷின் சத்தம் வேணாம்.” தையலுக்கு வர்ற ஒரு பொண்ணு, கல்யாணமாகி மூணு வருஷம், கடைசியா தயங்கித் தயங்கிச் சொன்னா, “ஹீரோ கை நீட்டுற கதை வேணாம்க்கா.” அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல, ஆனா அவளுக்கு எந்தப் புக்கு குடுக்கக் கூடாதுங்குறது அந்த நிமிஷமே எனக்குத் தெளிவாயிடுச்சு.

இங்க ஒண்ணு மனசு விட்டுச் சொல்லணும். குடும்ப நாவல்னு ரேக்குல இருக்குற எல்லாமே மென்மையான கதை கிடையாது. பழைய மாத நாவல்லயும் சரி, இப்ப ஆன்லைன்ல வாரம் ரெண்டு யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) போட்டு எழுதி அப்புறம் புக்கா வர்ற கதைகள்லயும் சரி, ஒரு வகை இருக்கு: ஹீரோ பெரிய பணக்காரன், கோவக்காரன், ஏதோ பழிவாங்கணும்னு ஹீரோயினுக்குக் கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், இருநூறு பக்கம் பாடாப் படுத்துவான், கடைசி பத்து பக்கத்துல “உன் மேல வச்ச காதலாலதான்”னு ஒரு டயலாக், சுபம். அட்டையில ரோஜாப்பூ இருக்கும். ஆன்டி ஹீரோ கதைன்னு அதுக்குன்னே ரசிகர்கள் இருக்காங்க, படிக்கட்டும், நான் யாரு தடுக்க. ஆனா மென்மையான காதல் கதை கேட்டவங்க கையில அதைக் குடுத்தா அது வேற சரக்கு. அட்டையைப் பாத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. படிச்சவங்க சொன்னாத்தான் உண்டு.

அதே மாதிரி மென்மைன்னா சோகமே இருக்கக் கூடாதுன்னும் யாரும் கேக்கல. கஷ்டம் வரலாம், பிரிவு வரலாம், பணமுடை வரலாம், சாவு கூட வரலாம், தாத்தா பாட்டி சாவு மாதிரி காலத்துல வர்ற சாவா இருந்தா. கதைக்குள்ள இருக்குற மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் அடிப்படையில நல்லவங்களா இருக்கணும், எழுதுறவங்க நம்மளை அழ வைக்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு எழுதாம இருக்கணும், கதை முடிஞ்சதும் அடுப்பை மூட்டி ஒரு காப்பி போட்டுக் குடிக்கத் தோணணும். எங்க தெருவுல மென்மைன்னா இவ்வளவுதான்.

இப்ப கொஞ்சம் கோவமா ஒண்ணு. குடும்பக் கதை கேட்டா ஒரு சிரிப்பு சிரிக்கிறீங்களே சில பேர், அதை நிறுத்துங்க சார். எல்லாரையும் சொல்லல, சில பேர்தான். “ரமணிசந்திரன் டைப்பா?”ன்னு ஒரு கேள்வி வரும், அதுல ஒரு இழுப்பு இருக்கும். நூறைத் தாண்டி எவ்வளவோ நாவல் எழுதினவங்க, அருணோதயம் பதிப்பகம் போட்ட அந்தப் புக்குங்க உங்க ரேக்குலயே இருக்கு, அதை எடுத்து பின்னாடி ஒட்டியிருக்குற தேதி சீட்டைக் கொஞ்சம் பாருங்க. இடமே இல்லாம ஸ்டாம்ப் மேல ஸ்டாம்ப், சீட்டுக்கு மேல சீட்டு ஒட்டி தடிச்சுப் போயிருக்கும், முதுகு கழண்டு ரெண்டு தடவை பைண்டிங் போட்டிருப்பீங்க, முதல் நாலு பக்கம் இருக்காது, கடைசிப் பக்கத்துல எவளோ பேனாவால “சூப்பர்”னு எழுதி வச்சிருப்பா. பக்கத்து ரேக்குல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு புக்கு இருக்கும், அதோட தேதி சீட்டு வெள்ளையா இருக்கும். எது நல்ல இலக்கியம்ங்குற பஞ்சாயத்துக்கு நான் வரல. நூலகம் யாரால ஓடுதுன்னு அந்த சீட்டைக் கேட்டா அது சொல்லும்.

அதுவும் நம்ம மண்ணுல இந்த இளக்காரம் கொஞ்சமும் பொருந்தல. சீர்காழியில பொறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வச்சுட்டுப் போயிட்டார், நீங்க எல்லாரும் படிச்சுப் பரீட்சை எழுதினதுதான், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர், அது ரெண்டாவதும் மூணாவதும். “ஒவ்வொரு தரமான வாசகருக்கும்”னு அவர் எழுதல, கவனிச்சிருப்பீங்க. அதே 1931லதான் எங்க மன்னார்குடி பக்கம் கிராமம் கிராமமா மாட்டு வண்டியில புக்கை ஏத்திட்டுப் போய் குடுத்தாங்க. படிக்கத் தெரிஞ்ச ஆளே கொஞ்சமா இருந்த காலத்துல, புக்கு இருக்குற இடத்துக்கு ஆள் வரட்டும்னு உக்காராம, ஆள் இருக்குற இடத்துக்கு வண்டி கட்டினாங்க. இப்ப எங்க அத்தை இருக்குற இடத்துக்கு என் கட்டைப்பைதான் போகுது, பரவால்ல.

காசு விஷயமும் இருக்கு. 1948ல நூலகச் சட்டம் வந்துச்சு, சொத்து வரியோட ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரின்னு இன்னிக்கும் கட்டுறோம். எங்க அத்தை பேர்ல இருக்குற ஓட்டு வீட்டுக்கும் அந்த ரசீது வருது. அத்தை அதை மடிச்சு பஞ்சாங்கத்துக்குள்ள வச்சிருக்காங்க. அவங்க கட்டுற காசுல அவங்களுக்குப் புடிச்ச கதை கேக்குறதுக்கு ஏன் கூச்சப்படணும்?

அண்ணன் கதைக்கு வரேன். ரிட்டயர்டு கண்டக்டர், மீசை வச்சவரு, குரல் கேட்டா தெருவே திரும்பிப் பாக்கும். அவர் கார்டுல நான் எடுக்குறது எல்லாம் குடும்ப நாவல்தான். முன்னாடி அவரே நூலகத்துக்குப் போவாராம், நாவலை எடுத்து பேப்பருக்குள்ள மறைச்சு வச்சு அங்கயே படிப்பாராம், எடுத்துட்டு வர வெக்கம். ஒரு நாள் “வீட்டுல அண்ணிக்கா சார்?”னு யாரோ கேட்டுட்டாங்களாம், ஆமான்னு சொல்லிட்டு வந்தவர்தான், அப்புறம் போகவே இல்ல. அண்ணி தவறி எட்டு வருஷம் ஆச்சு. வாசகர் வட்டத்துல பேச்சாளர் கூப்பிடுறப்போ, சிறந்த வாசகர்னு சால்வை போத்துறப்போ இவரை யாரும் யோசிக்க மாட்டீங்க, ஆனா வருஷத்துக்கு அறுபது எழுபது நாவல் படிக்கிற மனுசன் அவர். குடும்பக் கதை பொம்பளைங்க சமாச்சாரம்னு யாரு சொன்னது?

சரி, குறை சொன்னது போதும். நான் தூக்கிட்டுப் போனதுல எது எது யாருக்கு ஒத்துப் போச்சுன்னு சொல்றேன், உங்களுக்கு உபயோகப்படும். இது ஒரு தெருவோட அனுபவம், அவ்வளவுதான்.

கண்ணை மூடிட்டு யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்னா அது சாவியோட ‘வாஷிங்டனில் திருமணம்’. நம்ம ஊர்க் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுல நடத்திப் பாக்குறாங்க, அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, கண்ணீர் கிடையாது, கோபுலு படம் வேற. எதிர்வீட்டு அக்காவுக்கு அந்தக் குறிஞ்சி மலர் சம்பவத்துக்கு அப்புறம் பயந்து பயந்து நான் கொண்டு போனது இதுதான். மறுநாள் மாடியில துணி காயப்போடும்போது தானா சிரிச்சுட்டு இருந்தாங்க, என்னக்கான்னேன், அப்பளம்னாங்க. படிச்சவங்களுக்குப் புரியும்.

தேவன் எழுதினது எதுவும் வீணாப் போகல. துப்பறியும் சாம்புவை எல்லாரும் கேப்பாங்க, ஆனா குடும்பக் கதை வேணும்னா ‘மிஸ்டர் வேதாந்தம்’ குடுங்க. அப்பா போய் சொத்தும் போன பையன் மெட்ராஸ்ல கால் ஊன்றப் பாக்குறது, அத்தை பொண்ணு செல்லம், அதுல வர்ற காதல் எவ்வளவு அமரிக்கையா இருக்கும் தெரியுமா. கண்டக்டர் அண்ணன் அதை மூணு தடவை எடுக்கச் சொன்னார், மூணாவது தடவை நானே திட்டிட்டேன், மத்தவங்களும் படிக்கணும்லன்னு.

அநுத்தமாவை இப்ப யாரும் கேக்குறது இல்ல, கேக்க மாட்டாங்க, ஏன்னா அப்படி ஒருத்தங்க இருக்காங்கன்னே தெரியாது. ‘மணல் வீடு’, ‘கேட்ட வரம்’ ரெண்டும் உங்க நூலகத்துல எங்கயாவது தூசி தட்டினா கிடைக்கலாம். கூட்டுக் குடும்பத்துக்குள்ள மனுசங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி சகிச்சுக்கிட்டு, விட்டுக் குடுத்து, சில நேரம் விட்டுக் குடுக்காம இருக்காங்கன்னு அவ்வளவு நிதானமா எழுதுவாங்க. எங்க அத்தைக்கு இவங்கதான் இப்ப குலதெய்வம். மாமியார்னா இளக்காரம் இல்லாத எழுத்துன்னு தேடித் தேடி கடைசியா இங்க வந்து நின்னாங்க.

லக்ஷ்மியைச் சொல்லாம முடியாது. டாக்டர் திரிபுரசுந்தரி, மருத்துவக் கல்லூரியில படிக்கும்போதே கதை எழுதி அந்தக் காசுல படிச்சவங்க, அப்புறம் தென்னாப்பிரிக்கா போய் அங்கயும் டாக்டரா இருந்தாங்க, 1984ல ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு சாகித்ய அகாதமி வாங்கினாங்க. குடும்ப நாவல் எழுதினா விருது வராதுன்னு சொல்றவங்களுக்கு இது ஒரு பதில். டீச்சரம்மா சின்ன வயசுல லக்ஷ்மி தொடரை வாராவாரம் பத்திரிகையில இருந்து கிழிச்சு, சேத்து, பைண்டு பண்ணி வச்சிருந்தாங்களாம், இடையில ரெண்டு வாரம் கிடைக்காமப் போனதுக்கு இன்னும் புலம்புவாங்க. உங்க நூலகத்துல ‘பெண் மனம்’, ‘மிதிலா விலாஸ்’ ரெண்டும் இருந்தா முன் வரிசைக்குக் கொண்டு வாங்க. ஒரு சின்ன விஷயம், லக்ஷ்மின்னு ஒரு இடத்துலயும் லட்சுமின்னு ஒரு இடத்துலயும் எழுதி ரெண்டு ரேக்குல பிரிச்சு வச்சிருந்ததை ஒரு ஊர்ல பாத்தேன், ஒருத்தங்களையே ரெண்டு பேராக்கிட்டாங்க.

சிவசங்கரியில கொஞ்சம் பாத்துக் குடுக்கணும். ‘பாலங்கள்’ அருமை, மூணு தலைமுறைப் பொண்ணுங்க, மூணு காலம், கல்யாணம் சடங்கு சமையல் எல்லாம் எப்படி மாறுதுன்னு. எங்க தெருவுல பாட்டி, அம்மா, பேத்தி மூணு பேரும் படிச்ச ஒரே புக்கு அதுதான். ஆனா ‘ஒரு மனிதனின் கதை’ குடியைப் பத்தினது, அதுவும் குடும்பக் கதைதான், நல்ல கதைதான், ஆனா ராத்திரி வாசல்ல தள்ளாடிக்கிட்டு வர்ற ஆளுக்காகக் காத்திருக்குற வீட்டுக்கு அது ஒண்ணு ரொம்ப வேணும், இல்லன்னா வேணவே வேணாம். கேக்காமக் குடுக்காதீங்க. இந்துமதியோட ‘தரையில் இறங்கும் விமானங்கள்’ நடுத்தர வீட்டு அண்ணன் தம்பி கதை, வேலை தேடிட்டு இருக்குற பசங்களுக்கு நான் சிபாரிசு பண்ணுவேன், கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்.

ஆர். சூடாமணி சிறுகதைங்க தனி. உடம்பு முடியாம பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே வாழ்ந்தவங்க, ஆனா மனுசங்க மனசுக்குள்ள அவங்க போகாத இடம் இல்ல. சத்தமே போடாத எழுத்து. ஒரு தடவை உக்காந்தா ஒரு கதை போதும், கண்ணு வலிக்காது, டீச்சரம்மாவுக்கு அதனாலயே புடிக்கும்.

வை. மு. கோதைநாயகி கிடைச்சா அதையும் விடாதீங்க, நூத்திப் பதினஞ்சு நாவல், ‘ஜகன்மோகினி’ன்னு சொந்தமா பத்திரிகை, இத்தனைக்கும் ஆரம்பத்துல தனக்கு சரளமா எழுத வராதுன்னு இவங்க சொல்லச் சொல்ல தோழி எழுதினாங்களாம். நடை பழசு, அதனால எல்லாருக்கும் ஓடாது. ஆனா பாட்டி கதை சொல்ற மாதிரி கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஓடும்.

இப்படி சொன்னவுடனே ஒரு கேள்வி வரும்னு தெரியும். ஒரு தடவை ஒரு சார் எங்கிட்டயே கேட்டார், “இதையே படிச்சுட்டு இருந்தா எப்பம்மா நல்ல இலக்கியத்துக்கு வருவாங்க?”ன்னு. நான் என்ன சொல்ல. அஞ்சாங்கிளாஸ் முடிச்சு ஆறாங்கிளாஸ் போற மாதிரி ரமணிசந்திரனை முடிச்சு ஜானகிராமனுக்கு பாஸ் ஆகிப் போகணுமா? டீச்சரம்மா ரமணிசந்திரன்லருந்து சூடாமணிக்குப் போனாங்க, அங்கருந்து திரும்ப ரமணிசந்திரனுக்கே வந்தாங்க, இப்ப ரெண்டும் ஒரே பையில போகுது. தலைவலிக்கு சுக்குக் காப்பி, விருந்துக்கு பாயசம், நல்லா இருக்குற நாள்ல வெறும் மோர். எங்க அத்தையே போன மாசம் கேட்டாங்க, “அந்த அம்மா வந்தாள் எழுதினவர் வேற ஏதாவது எழுதியிருக்காரா, எழுத்து நல்லாருந்துச்சே”ன்னு. நான் ஒண்ணும் சிபாரிசு பண்ணல, தானா வந்துச்சு. நாலு வருஷம் ஆச்சு வர.

வேலை விஷயமா சில சின்னச் சின்ன வேண்டுகோள். ரெண்டு பாகம் இருக்குற நாவல்ல ரெண்டாம் பாகம் மட்டும் ரேக்குல இருக்கும், முதல் பாகம் எந்தக் காலத்துலயோ போயிருக்கும், தயவுசெஞ்சு அட்டையிலயே எழுதிடுங்க, வீட்டுக்குப் போய்த் தெரிஞ்சா எவ்வளவு கடுப்பு தெரியுமா. கடைசிப் பக்கம் கிழிஞ்ச புக்கை குடுக்கவே குடுக்காதீங்க, காதல் கதையில கடைசிப் பக்கம்தான் கதையே, முதல் நாலு பக்கம் இல்லன்னாலும் பொம்பளைங்க ஊகிச்சுக்குவாங்க. எழுத்து பெருசா இருக்குற பதிப்பு எதுன்னு தெரிஞ்சா தனியா எடுத்து வைங்க, வயசானவங்க கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு பொடி எழுத்தை எடுத்துட்டுப் போய் அப்படியே திருப்பிக் குடுத்துடுறாங்க. எங்க தெருவுல மட்டும் மூணு வீட்டுப் பரண்ல டிரங்குப் பெட்டி நிறைய ராணிமுத்து, மாலைமதி, பைண்டு பண்ணின தொடருங்க கிடக்குது, எடைக்குப் போடவும் மனசு வராம கரையானுக்குப் போயிட்டு இருக்கு. நூலகத்துக்கு வாங்கிக்கிறோம்னு நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேட்டா நாளைக்கே ஆட்டோ வச்சு அனுப்பிடுவாங்க. பதிவேட்டுல ஏத்த விதி இடம் குடுக்கலைன்னா பரவால்ல, ஒரு மூலையில பெஞ்சு போட்டு “எடுத்துப் படிங்க, படிச்சுட்டு வைங்க”ன்னு ஒரு அட்டை மாட்டினா போதாதா.

உங்க கஷ்டமும் தெரியாம இல்ல. ஒரே ஆள் கூட்டிப் பெருக்கணும், பேப்பர் அடுக்கணும், போட்டித் தேர்வுப் பசங்களுக்கு புக்கு எடுத்துக் குடுக்கணும், ரிப்போர்ட் எழுதணும், சில பேருக்கு ரெண்டு ஊர் நூலகம் சேத்துப் பாக்கணும். இதுல ஒவ்வொரு நாவலையும் படிச்சு வச்சுக்கிட்டு சிபாரிசு பண்ணுன்னு சொன்னா அது அநியாயம். நான் அதைக் கேக்கல. நீங்க படிக்க வேணாம், படிச்சவங்க இருக்கோம்ல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை உங்க கவுண்டருக்கு முன்னாடி வந்து நிக்கிறவங்கதான் அந்த ரேக்கை அக்குவேறா ஆணிவேறா படிச்சவங்க, ஆனா எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல, ஸ்டாம்ப் அடிச்சு வாங்கி வைப்பீங்க, நாங்களும் போயிடுவோம்.

அதுக்குத்தான் ஒரு நோட்டு. நாப்பது பக்க நோட்டு போதும். புக்கு பேரு, எழுதினவங்க பேரு, அதுக்கு நேரா படிச்சவங்க ஒரு வரி. விமர்சனம் எல்லாம் வேணாம். “முடிவு சுபம்.” “பாதியில ஒரு சாவு, பெரியவர், பரவால்ல.” “ஹீரோ அடிக்கிறான், வேணாம்.” “ஆஸ்பத்திரி நிறைய.” “மாமியார் தங்கம்.” “சிரிப்பு.” “எழுத்து பொடி.” எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா பக்கத்துல நிக்கிறவங்க எழுதிடலாம். பேரு போட வேண்டியதில்ல, போட்டா கண்டக்டர் அண்ணன் மாதிரி ஆளுங்க எழுத மாட்டாங்க. அடுத்து யாராவது வந்து “குடும்பக் கதை ஏதாவது இருக்கா சார்”னு கேட்டா நீங்க சிரிக்கவும் வேணாம், ரேக்கைப் பாத்து முழிக்கவும் வேணாம். “என்னம்மா வேணாம்?”னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு நோட்டை அவங்க பக்கம் திருப்பி வைங்க.

எங்க தெருவுல ஏற்கனவே ஆரம்பிச்சாச்சு. அளவு எழுதுற பழைய நோட்டுல பின்பக்கமா எழுதிட்டு வரோம், இப்போதைக்கு எழுபத்தி மூணு புக்கு ஆயிருக்கு. குறிஞ்சி மலருக்கு நேரா எதிர்வீட்டு அக்காவே எழுதினாங்க, ஒரு வருஷம் கழிச்சு, “நல்ல புக்கு. அவசரப்பட்டு எடுக்க வேணாம்”னு.

உங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு, அதனால சனிக்கிழமை காலையில எங்க ஊர் நூலகத்துக்கு அதை நல்ல நோட்டுல பிரதி எடுத்து அட்டை போட்டுக் கொண்டு வரேன். பேனா கட்ட நூல் எங்கிட்டயே இருக்கு, தையல்காரி வீட்டுல நூலுக்கா பஞ்சம். கவுண்டர் ஓரமா தொங்க விட ஒரு ஆணி மட்டும் நீங்க அடிச்சு வைங்க சார்.

இப்படிக்கு,
அஞ்சு கார்டு கட்டைப்பைக்காரி